எல்லா டோசரிலும் ஒரு குறை

அம்பகரத்தூர்
27.1.2025

பிரதீபா அப்பாவுக்கு,

பொங்கல் அன்று போனில், இனி உங்களோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கையெழுத்தைப் பார்த்தால் அவ்வளவாக வராது.

எதற்குச் சண்டை என்று உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் ஓமானுக்கு மண் தள்ளும் டோசர் ஓட்டப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு லீவும் முடிந்து கிளம்பும்போது, அடுத்த வருடம் மொத்தமாக வந்துவிடுகிறேன் என்பீர்கள். இந்தப் பொங்கலுக்குப் புதிதாக ஒன்று சொன்னீர்கள். ஊரில் சொந்தமாக ஒரு சின்ன டோசர் இருந்தால் நாளைக்கே வந்துவிடுவேன், அடுத்தவன் வண்டியை ஓட்டியது போதும் என்று. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறீர்கள் என்றேன். முதலில் வண்டியைப் பார்த்து வை, அப்புறம் பேசு என்றீர்கள்.

பார்த்துவிட்டேன். நாகூர் பக்கம் பழைய வண்டிகள் விற்கும் தெட்சிணாமூர்த்தி என்பவருடைய யார்டில் ஒன்று நிற்கிறது. எஞ்சின் நூற்றுப் பத்து குதிரை சக்தி. எடை பன்னிரண்டு டன். முன்னால் மண்ணைத் தள்ளும் பிளேடு பத்து அடி. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் நாலாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது. புடவை கட்டிக்கொண்டு டோசர் கேட்டு வந்தவளை அவர் இதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. ஐயா வரவில்லையா, ஐயா வரவில்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஐயா பாலைவனத்தில் இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

உளுந்து எடுத்த பிறகு ஆற்றில் தண்ணீர் வரும்வரைதான் இங்கே மண்வேலை நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வயலில் மேடு வெட்டிப் பள்ளம் நிரப்புகிறவர்கள், இறால் குட்டைக்குக் கரை போடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கோடையில்தான் வண்டி தேடி அலைவார்கள். அதற்குள் வாங்கினால்தான் உண்டு. பழைய வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

தேவிகா


ஓமான்
2.2.2025

அன்பு தேவிகா,

நீ நிஜமாகவே போய்ப் பார்ப்பாய் என்று நான் நினைக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். அறையில் இருப்பவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். வீட்டில் டோசர் பார்க்கிறார்கள் என்றேன். பெண் பார்ப்பதைப் போலச் சொல்கிறாயே என்று சிரித்தார்கள்.

மீட்டரை நம்பாதே. அதைத் திருப்பி வைப்பது பெரிய வேலை இல்லை. காலால் மிதிக்கும் பெடலின் ரப்பரைப் பார். நாலாயிரம் மணி ஓடிய வண்டி என்றால் ரப்பரில் வரி இன்னும் தெரியும். வழவழவென்று இருந்தால் வண்டி அதைப்போல இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது. டயருக்குப் பதில் இருக்கும் இரும்புச் செயினை இழுக்கும் பல்சக்கரத்தையும் பார். பல் ஊசி மாதிரி கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பழைய டோசரில் செலவு வைப்பதே அடிப்பாகம்தான். காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய் நில். உன் எதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரக்கூடாது.

எடை நல்ல எடை. அதைவிடச் சின்ன வண்டி மண்ணைத் தள்ளாது, மண்தான் அதைத் தள்ளும். தனியாகப் போகாதே. திருமலைராயன்பட்டினத்தில் முகம்மது இப்ராஹிம் என்று என்னோடு ஐடிஐ படித்தவன் இருக்கிறான். போட் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறான். கடலில் ஓடினாலும் கரையில் ஓடினாலும் டீசல் எஞ்சின் ஒன்றுதான். நான் சொன்னேன் என்று சொல், வருவான்.

சீட் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லையே. ஸ்பிரிங் வைத்த சீட்டா, வெறும் தகரத்தின் மேல் பஞ்சா? அதையும் பார்த்து எழுது.

நீலமேகம்


அம்பகரத்தூர்
11.2.2025

பிரதீபா அப்பாவுக்கு,

இப்ராஹிம் அண்ணன் உடனே வந்தார். உங்களைப் பற்றி விசாரித்தார். காலையிலேயே போய் நின்றோம். பெடல் ரப்பர் சரி, பல் சரி, புகையும் இல்லை. தெட்சிணாமூர்த்தி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். அவருடைய யார்டு முழுவதும் ஜல்லி. ஜல்லியில் எந்த வண்டியும் ஓடும். யார்டுக்குப் பின்னால் அவருடைய வயலே இருக்கிறது, அறுப்பு முடிந்து ஈரம் காயாமல். அதில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

"யாரும்மா சேத்துல ஓட்டிப் பாத்து டோசர் வாங்குவாங்க?" என்றார்.

"எங்க வயல்ல ஜல்லி கொட்டி வைக்கலைங்க" என்றேன்.

ரோஷத்தில் இறக்கிவிட்டார். வரப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனது, பிறகு போகவில்லை. செயின் பாதிக்குமேல் மண்ணுக்குள் போய்விட்டது. முன்னே எடுத்தால் இன்னும் இறங்குகிறது, பின்னே எடுத்தாலும் இறங்குகிறது. வெளியிலிருந்து ஜேசிபி வரவழைத்து, சங்கிலி கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். இத்தனைக்கும் அந்த மனிதர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். எனக்கே பாவமாக இருந்தது.

தையல் டேப்பால் அதன் செயின் பட்டையை அளந்தேன். அகலம் பதினாறு அங்குலம்தான். பன்னிரண்டு டன் அதன் மேல் உட்கார்ந்தால் நம் களிமண் என்ன செய்யும்? உங்கள் பாலைவனத்தில் அது ராஜாவாக இருக்கலாம். இங்கே வந்தால் குட்டையில் படுத்த எருமைதான்.

அடுத்து ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பூவத்தில் இறால் குட்டை வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவருடையது. எழுபது குதிரை சக்தி, எடை ஏழு டன், பிளேடு எட்டு அடி. உங்களுக்குப் பொம்மை மாதிரி தெரியும். ஆனால் செயின் அகலம் இருபத்துநாலு அங்குலம். மண்ணின் மேல் விழும் பாரம் நாகூர் வண்டியில் பாதிகூட இல்லை என்று இப்ராஹிம் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். இதையும் ஈரத்தில் ஓட்டிப் பார்த்தோம். வாத்து மாதிரி போய்விட்டு வந்தது. சீட்டைப் பார்க்க மறந்துவிட்டேன்.

தேவிகா


ஓமான்
15.2.2025

அன்பு தேவிகா,

வண்டி புதைந்ததைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த ஈரக் களிமண்ணில் ஏர் பிடித்த அப்பாவுக்குப் பிறந்தவன் நான். டன்னையும் குதிரை சக்தியையும் பார்த்தேனே தவிர, செயின் அகலத்தைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் ஊர் மண்ணை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது.

ஆனால் பூவம் வண்டியும் எனக்குச் சரியாகப் படவில்லை. இறால் குட்டையில் ஓடியது என்கிறாய். செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்குள் உப்புத் தண்ணீர் போயிருந்தால் வெளியே தெரியாமல் அரித்திருக்கும். அகலப் பட்டைக்கு இன்னொரு தொந்தரவு உண்டு. கெட்டித் தரையில் அடிக்கடி திருப்பினால் செயினை முறுக்கிச் சீக்கிரம் தேய்த்துவிடும். ரேடியேட்டரையும் பார்க்க வேண்டும். அவசரப்படாதே.

சீட்டைக் கட்டாயம் பார். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். லீவர் கைக்கு எட்டுகிறதா, குனிந்து பிடிக்க வேண்டியிருக்கிறதா என்றும் இப்ராஹிமைப் பார்க்கச் சொல்.

நீலமேகம்


அம்பகரத்தூர்
5.3.2025

பிரதீபா அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதையெல்லாம் பார்த்தாயிற்று. நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் இப்ராஹிம் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு பின்னாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். மேல்தோலில் துரு இருக்கிறது, உள்ளே போகவில்லை என்கிறார். காண்ட்ராக்டர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவித்தான் நிறுத்துவாராம். ரேடியேட்டர் போன வருடம் மாற்றியது. கெட்டித் தரைக்கு அதை நாம் கொண்டுபோகப் போவதில்லை. நம் வேலையெல்லாம் வயலில். சீட்தான் மோசம். பஞ்சு கிழிந்து தகரம் தெரிகிறது, ஸ்பிரிங் கிடையாது. வேறு சீட் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.

நீங்கள் திருப்தியாக வேண்டுமே என்று கும்பகோணம் வரைக்கும் போய் மூன்றாவதாக ஒன்றையும் பார்த்துவிட்டு வந்தேன். எண்பது குதிரை சக்தி, எட்டு டன், செயின் பதினெட்டு அங்குலம். லீவர் எல்லாம் கிடையாது, ஒரு குமிழைப் பிடித்துத் திருப்பினால் போதும். சீட் பஸ் டிரைவர் சீட் மாதிரி இருக்கிறது. ஆனால் ஈரத்தில் நாகூர் வண்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது.

எனக்குப் பூவம் வண்டிதான் பிடித்திருக்கிறது. நாம் சேர்த்துவைத்ததற்குள் அடங்கும். நான் டோசர் பார்ப்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வண்டி வந்ததும் முதலில் எங்கள் வயலுக்கு அனுப்புங்கள் என்று இப்போதே வந்து சொல்கிறார்கள். பிரதீபா என்னைப் பார்த்தால் டோசரம்மா என்கிறாள். அப்பா வந்து ஓட்டும்போது பக்கத்தில் ஏறிக்கொள்வாளாம். வாங்கட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள், போதும்.

தேவிகா


ஓமான்
11.3.2025

அன்பு தேவிகா,

நன்றாக யோசித்தேன். பூவம் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பது நீ கடிதத்தோடு அனுப்பிய வண்டிப் படத்தில் தெரிகிறது. எதையோ மறைக்கத்தான் அடித்திருப்பார்கள். மேலே கூரையும் சின்னதாக இருக்கிறது. கும்பகோணம் வண்டியின் குமிழ் கெட்டால் உதிரிப் பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்றிலும் ஏதாவது ஒரு குறை இருக்கிறது.

இந்தக் கோடை போகட்டும். அடுத்த கோடைக்குள் இன்னும் நல்ல வண்டியாக வரும். அதுவரை இங்கேயே இருக்கிறேன். பிரதீபாவிடம் சும்மா எதையும் சொல்லி ஆசை காட்டாதே.

நீலமேகம்


அம்பகரத்தூர்
20.3.2025

பிரதீபா அப்பாவுக்கு,

பெயின்ட் அடித்தது குறையா? கூரை சின்னதாக இருப்பது ஒரு குறையா? உப்பு என்றீர்கள், நியாயம், போய்ப் பார்த்தேன். இதற்கு நான் எங்கே போய் என்னத்தைப் பார்ப்பது?

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துத் திரும்பப் படித்தேன். ஒரு கடிதத்திலாவது வண்டி வந்ததும் இந்த வேலை செய்யலாம், அந்த வேலை செய்யலாம் என்று ஒரு வரி இருக்கிறதா? நம் வயலில் எந்த மேட்டை முதலில் வெட்டலாம் என்று கேட்டீர்களா? சீட், சீட் என்று மட்டும் கேட்டீர்கள். சொந்த வண்டிக்கு ஆசைப்படுகிறவர் எழுதுகிற கடிதமா இவை?

உங்களுக்கு வர மனமில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் பாவப்பட்ட டோசர்கள் மேல் பழி போடுகிறீர்கள். அங்கே வேறு யாராவது இருந்தால் எழுதிவிடுங்கள். அழுவேன், செத்துப்போக மாட்டேன். இப்படி யார்டு யார்டாக என்னை அலையவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேவிகா


ஓமான்
2.4.2025

அன்பு தேவிகா,

பெருநாள் லீவு. அறையில் எல்லோரும் வெளியே போயிருக்கிறார்கள். போனில் இதைச் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அவர்கள் இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

வேறு யாரும் இல்லை. இந்த அறையில் என்னோடு இருப்பவர்கள் எல்லோருக்கும் மீசை இருக்கிறது.

போன வருடம் ஒரு நாள் வேலை முடிந்து டோசரிலிருந்து இறங்கினேன். இடது கால் தரையில் பட்டதே தெரியவில்லை. அப்படியே விழுந்தேன். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று படம் எடுத்துச் சொன்னார்கள். வருடக்கணக்கில் குலுங்கியதால் வந்ததாம். கால் பிறகு சரியாகிவிட்டது. ஆனால் இனி எந்த மண்வண்டியிலும் உட்காரக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனி என்னைத் துரத்தவில்லை. ஸ்டோரில் போட்டிருக்கிறது. நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். என்னிடம் டோசர் பழகியவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னிடம் ஃபில்டர் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பொங்கலுக்கு நீ சண்டை போட்டபோது, உன்னால் முடியாத எதையாவது கேட்டால் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் டோசர் என்றேன். நீ எங்கே போய் டோசர் பார்க்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ போய் அதைச் சேற்றில் இறக்கியே காட்டிவிட்டாய்.

பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. நல்ல சீட்டாக அமைந்தால் தினம் கொஞ்ச நேரமாவது ஓட்ட முடியாதா என்று மனசு அடித்துக்கொண்டது. இங்கே மறுபடி டாக்டரைக் கேட்டேன். எந்தச் சீட்டும் கூடாது என்றார். அன்றுதான் பெயின்ட், கூரை என்று எழுதினேன்.

பூவம் வண்டியில் ஒரு குறையும் கிடையாது. நீ தேர்ந்தெடுத்தது சரி. வண்டி வாசலில் நிற்க, ஓட்டத் தெரிந்தவன் உள்ளே பாயில் படுத்துக்கிடப்பதை நீயும் பிரதீபாவும் தினம் பார்க்க வேண்டுமா? எனக்கு அதை நினைத்தால் பயமாக இருக்கிறது தேவிகா. அதற்குப் பதில் இங்கேயே ஸ்டோரில் இருந்துவிடலாம் என்றிருந்தேன்.

நீலமேகம்


அம்பகரத்தூர்
9.4.2025

பிரதீபா அப்பாவுக்கு,

வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. கூலி ஆட்களுக்கு நடுவில் நின்று அழுதேன். வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று பதறிவிட்டார்கள். டோசர் விஷயம் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அழுகை நின்றதும் கோபம்தான் வந்தது. ஒரு வருடமாக வலியோடு கிடந்திருக்கிறீர்கள். தைலம் தேய்க்க ஆள் இல்லாமல், வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆள் இல்லாமல். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு போனில் உங்களைத் திட்டியிருக்கிறேன். என்னைத் திட்டவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, அதற்கு உங்களை என்ன செய்தால் தகும்?

மறுநாள் பூவத்துக்குப் போனேன். அந்த வண்டியை ஓட்டும் ரஞ்சித்குமாரைக் கேட்டு, நானே ஏறி அந்தக் கிழிந்த சீட்டில் உட்கார்ந்தேன். ஓரத்தில் நின்று அவர் லீவரை இழுக்க, குட்டையைச் சுற்றி ஒரு தடவை போய் வந்தோம். பல் கிட்டிக்கொண்டது. அடிவயிறு வரை ஆடியது. இறங்கிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "பழகிடுங்க அக்கா" என்றார் அவர். பழகியவரின் கதை எனக்குத் தெரியும். உங்கள் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

வண்டியை வாங்கிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டால் பிளேடு மஞ்சளாக இருக்கிறது என்பீர்கள். ரஞ்சித்குமார் வண்டியோடு நம்மிடமே வேலைக்கு வருகிறார், சீட்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். நேற்று நம் வயலில் இறக்கினோம். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் குட்டை வெட்டியே பழகியவர். நம் பக்கம் மேலே ஒரு சாண்தான் வண்டல், அதற்குக் கீழே உப்பு மண் என்பது அவருக்குப் புரியமாட்டேன் என்கிறது. மேல்மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணைச் சமன் செய்துவிட்டு, திரும்பவும் மேல்மண்ணைப் பரப்ப வேண்டும் என்று கத்திக் கத்திச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. எந்த இடத்தில் பிளேடை இறக்க வேண்டும், எந்த இடத்தில் தூக்க வேண்டும் என்று கை காட்ட எனக்கு வரவில்லை. ஒரு மூலையில் உப்பு மண் மேலே வந்துவிட்டது. வரப்பில் நின்று கை காட்ட, வண்டியும் மண்ணும் இரண்டும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். நின்றால் போதும், உட்கார வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டோசர் ஓட்டுகிறவர் வேண்டும் என்று நான் உங்களிடம் என்றைக்காவது கேட்டேனா? நீங்கள் வேண்டும் என்றுதான் பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறேன். பாயில் படுத்துக்கிடந்தால் கிடங்கள். எங்கள் கண் முன்னால் கிடங்கள்.

தேவிகா


ஓமான்
18.4.2025

அன்பு தேவிகா,

ரஞ்சித்குமாரிடம் நான் வரும்வரை வேறு வேலை ஏதாவது பார்க்கச் சொல். நம் வயலில் இனி பிளேடை இறக்க வேண்டாம். மேலே வந்த உப்பு மண்ணை அள்ளி வரப்புக்கு வெளியே போட்டுவிடலாம், பயப்படாதே.

ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டேன். மே மூன்றாம் தேதி காலை திருச்சியில் இறங்குகிறேன். போக வர டிக்கெட்டா என்று டிராவல்ஸில் கேட்டார்கள். வருவதற்கு மட்டும் என்றேன்.

முன்பெல்லாம் விமான நிலையத்தில் எல்லாப் பெட்டியையும் நானேதான் தூக்கிக் காரில் வைப்பேன். நீ ஒரு கை கொடுக்க வந்தால்கூடத் தள்ளி நில் என்பேன். இந்த முறை ஒரே பெட்டிதான் கொண்டுவருகிறேன். அதை என்னால் தூக்க முடியாது. இதை எழுதுவதற்குள் பேனாவை நாலு தடவை கீழே வைத்துவிட்டேன்.

கார் டிரைவரை மட்டும் அனுப்பாதே. நீயே வந்து என் பெட்டியைத் தூக்கு.

நீலமேகம்